எல்லோருக்கும் தூரமான மாநிலம்: நியூ மெக்சிகோவுக்கு ஓர் அறிமுகம்

2018-ல் வாஷிங்டன் நகரத்தில் ஒரு ஜோடி கல்யாணப் பதிவுக்குப் போனது. அடையாளத்துக்காக மாப்பிள்ளை தன் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினார். வாங்கிப் பார்த்த ஊழியர், வெளிநாட்டவருக்கு இது செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும் என்றுவிட்டார். அந்த உரிமம் நியூ மெக்சிகோவில் கொடுத்தது. நியூ மெக்சிகோ 1912-லிருந்து அமெரிக்காவின் ஒரு மாநிலம். ஊழியர் மேலதிகாரியிடம் கேட்டார், அவருக்கும் சந்தேகம். ஒருவழியாக உரிமத்தை ஏற்றுக்கொண்டார்கள், அப்புறம் நீதிமன்றம் வருத்தமும் தெரிவித்தது.

நியூ மெக்சிகோக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன கதை. மாநிலத்தின் பெயரிலேயே வரும் பத்திரிகையில் இப்படிப்பட்ட சம்பவங்களுக்கென்றே ஒரு பகுதி பல ஆண்டுகளாக ஓடுகிறது. 'எங்கள் ஐம்பதில் ஒன்றைக் காணோம்' என்று அதற்குத் தலைப்பு. கார் நம்பர் பிளேட்டில் மாநிலத்தின் பெயரோடு 'யு.எஸ்.ஏ.' என்றும் அச்சடித்திருக்கும். மற்ற 49 மாநிலங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை.

படத்தில் தேடினால் மேற்கே அரிசோனா, கிழக்கே டெக்சஸும் கொஞ்சம் ஓக்லஹோமாவும், வடக்கே கொலராடோ, தெற்கே கொஞ்சம் டெக்சஸும் மீதி மெக்சிகோ நாடும். பரப்பளவு சுமார் 3,15,000 சதுர கிலோமீட்டர். அமெரிக்காவில் ஐந்தாவது பெரிய மாநிலம். அவ்வளவு இடத்தில் இருப்பவர்கள் 21 லட்சம் பேர்தான். நடுவில் வடக்கிலிருந்து தெற்காக ரியோ கிராண்டே ஆறு. ஆற்றை விட்டு விலகினால் மேட்டு நிலம், மலை, பாலை. தலைநகரான சாண்டா ஃபே சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அதனால் குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும். பாலைவனம் என்றால் மணலும் வெயிலும்தான் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் நாளே கம்பளி தேடுவார்கள்.

இந்த மாநிலத்தைப் புரிந்துகொள்ள என்னிடம் ஒரே ஒரு சாவிதான் உண்டு: தூரம். மெக்சிகோ நகரத்திலிருந்து ஆண்டவர்களுக்கும் அது தூரம், வாஷிங்டனிலிருந்து ஆண்டவர்களுக்கும் தூரம். வந்தவர்கள் ஏற்கெனவே இருந்தவர்களை முழுசாகத் துடைத்துப்போட இங்கே ஆளும் போதவில்லை, தண்ணீரும் போதவில்லை, காசும் போதவில்லை. அதனால் எல்லோரும் அப்படியே ஒருவர்மேல் ஒருவர் படிந்து கிடக்கிறார்கள். வினோதம் என்று நாம் பார்ப்பதில் பாதி அந்தப் படிவுதான்.

பெயர் வந்த கதை

ஸ்பானியர்கள் 1521-ல் அஸ்டெக்குகளின் தலைநகரைப் பிடித்தார்கள். அங்கே இருந்தவர்கள் தங்களை மெஷிகா என்று சொல்லிக்கொண்டவர்கள்; மெக்சிகோ என்ற சொல் அதிலிருந்து வந்தது. அன்றைக்கு மெக்சிகோ என்றால் அந்த நகரமும் சுற்றியுள்ள பள்ளத்தாக்கும்தான். ஆட்சிப் பகுதிக்குப் பெயர் புதிய ஸ்பெயின். வடக்கே பாலையைத் தாண்டினால் இதேபோல் தங்கம் குவிந்த இன்னொரு நகரம் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நப்பாசை. 1560களிலேயே அந்தத் திசைக்கு 'நுவேவோ மெஹிகோ', அதாவது புது மெக்சிகோ, என்று பெயரும் வைத்தாயிற்று. மெக்சிகோ என்ற நாடு ஸ்பெயினிடமிருந்து பிரிந்து அந்தப் பெயரோடு நின்றது 1821-ல். ஆக, பக்கத்து நாட்டைப் பார்த்து வைத்த பெயர் என்று எல்லோரும் நினைக்கிற இந்தப் பெயர், அந்த நாட்டைவிட இரண்டரை நூற்றாண்டு மூத்தது.

தங்கம்? அது இல்லை. 1540-லேயே கொரொனாடோ என்ற தளபதி ஏழு தங்க நகரங்களைத் தேடி ஒரு பெரும்படையோடு வந்து பார்த்தார். கண்ணில் பட்டது மண்ணும் கல்லும் கொண்டு அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகளும் சோளக் கொல்லைகளும்.

அந்த வீடுகள் தங்கத்தைவிட சுவாரசியமானவை என்பது என் கட்சி. அவற்றில் இருந்தவர்களை ஸ்பானியர்கள் புவெப்லோ என்று அழைத்தார்கள். ஊர், மக்கள் இரண்டுக்கும் ஸ்பானிய மொழியில் அதே சொல்தான். அவர்களுடைய முன்னோர் சாக்கோ பள்ளத்தாக்கில் 9-ம் நூற்றாண்டு முதல் 12-ம் நூற்றாண்டு வரை கட்டிய ஒரே கட்டடத்தில் 600-க்கும் மேற்பட்ட அறைகள். டாவுஸ் புவெப்லோவில் உள்ள மண் மாடி வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பழைய மதிலுக்குள் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. அது அவர்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இப்போது மாநிலத்தில் 19 புவெப்லோக்கள் இருக்கின்றன. நவஹோ, அப்பாச்சி மக்கள் தனி.

முடிச்சுப் போட்ட கயிறு

1598-ல் ஹுவான் டெ ஓன்யாத்தே குடியேறிகளோடும் பாதிரியார்களோடும் வந்து இறங்கினார். மறு வருடமே ஆக்கமா புவெப்லோவில் மோதல். ஊரை அழித்த பிறகு, 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டி 20 ஆண்டு அடிமை வேலை என்று அவர் தண்டனை கொடுத்தார். ஏறக்குறைய 400 ஆண்டு கழித்து, குடியேற்றத்தின் நினைவு விழா நடந்த சமயத்தில், ஓன்யாத்தேயின் வெண்கலச் சிலையிலிருந்து வலது பாதத்தை யாரோ ராத்திரியில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நியூ மெக்சிகோவில் சரித்திரம் ஆறிப்போவதில்லை.

சாண்டா ஃபே நகரம் 1610-ல் தலைநகரானது. இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறிய பில்கிரிம்கள் பிளிமத்தில் கால் வைத்தது 1620-ல்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் அமெரிக்கா கிழக்குக் கரையில் ஆரம்பித்து மேற்கே நகரும். இங்கிருந்து பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே வந்தது. சாண்டா ஃபே சதுக்கத்தில் அன்றைய ஆளுநர் மாளிகை இன்னும் நிற்கிறது. அதன் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் துணி விரித்து வெள்ளி, நீலக்கல் நகை விற்கிறார்கள்.

1660களிலும் 70களிலும் வறட்சி, பஞ்சம். அதோடு பாதிரியார்கள் புவெப்லோ மக்களின் சடங்கு நடனங்களைத் தடை செய்து முகமூடிகளைக் கொளுத்தினார்கள். 1675-ல் பூசாரிகள் 47 பேரைப் பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். சிலரைத் தூக்கிலும் போட்டார்கள். அடி வாங்கியவர்களில் ஒருவர் போபே. ஐந்து வருடம் கழித்து அவர் செய்ததுதான் புவெப்லோ கிளர்ச்சி.

புவெப்லோக்களுக்குள் பல மொழிகள், பழைய பகையும் உண்டு, எழுத்து கிடையாது. எல்லோரும் ஒரே நாளில் எழ வேண்டும். போபே கயிறுகளில் முடிச்சுப் போட்டு ஓட்டக்காரர்களிடம் கொடுத்தனுப்பினார். நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாள்தான் அந்த நாள். நடுவில் இரண்டு ஓட்டக்காரர்கள் பிடிபட்டதால் ஒரு நாள் முந்தி, 1680 ஆகஸ்ட் 10 அன்று கிளம்பிவிட்டார்கள். ஏறக்குறைய 400 ஸ்பானியர்கள் இறந்தார்கள், அவர்களில் 21 பேர் பாதிரியார்கள். மீதிப் பேர் சாண்டா ஃபேயில் போய் அடைந்துகொண்டார்கள். முற்றுகையிட்டவர்கள் நகரத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்தார்கள். அவ்வளவுதான், சில நாளில் ஸ்பானியர்கள் தெற்கே எல் பாசோவுக்கு நடையைக் கட்டினார்கள். அடுத்த 12 ஆண்டுகள் அவர்கள் இங்கே இல்லை. ஐரோப்பியர்களைப் பழங்குடிகள் ஒரு பெரும் நிலப்பரப்பிலிருந்து முழுக்க விரட்டி, இத்தனை காலம் வெளியே நிறுத்திய வேறொரு சம்பவத்தை அமெரிக்காவில் காட்டுவது கஷ்டம்.

1692-ல் ஸ்பானியர்கள் திரும்பி வந்தார்கள், சண்டையும் தொடர்ந்தது. ஆனால் பழைய கெடுபிடி திரும்பவில்லை. கட்டாயத் திறையும் உழைப்பும் கேட்ட என்கோமியெண்டா முறை மறுபடி வரவில்லை. சடங்கு நடனங்களைக் கண்டும் காணாமல் விட்டார்கள். இன்றும் ஒரு புவெப்லோவின் திருவிழா நாளில் காலையில் தேவாலயத்தில் பூசை, பிறகு சதுக்கத்தில் பறை முழங்க ஆட்டம். இரண்டும் ஒரே புனிதரின் பெயரில். வெளியாள் போய்ப் பார்க்கலாம், பெரும்பாலும் படம் எடுக்க முடியாது. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு பேருக்குச் சிலை வைக்கலாம். நியூ மெக்சிகோ 2005-ல் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது போபேயை. அவர் கையில் முடிச்சுக் கயிறு இருக்கிறது.

மூன்று கைத்தடிகள்

புவெப்லோ ஆளுநர்களிடம் கைத்தடிகள் உண்டு. ஒன்று ஸ்பெயின் மன்னரின் பெயரில் 17-ம் நூற்றாண்டில் வந்தது. இன்னொன்று மெக்சிகோ அரசு கொடுத்தது. மூன்றாவது, வெள்ளிப் பூண் போட்ட கருங்காலித் தடி. 1860களில் ஆபிரகாம் லிங்கன் அனுப்பியது, அவர் பெயர் பொறித்தது. அரசுகள் மாறும்போதெல்லாம் உங்கள் ஊர், உங்கள் ஆட்சி என்பதற்கு அடையாளமாக ஒரு தடி. கொடுத்த அரசுகளில் இரண்டு போய்விட்டன, தடிகள் இருக்கின்றன. நியூ மெக்சிகோவின் சரித்திரத்தை ஒரே பொருளில் காட்டு என்றால் நான் இந்த மூன்று தடிகளைத்தான் காட்டுவேன்.

மெக்சிகோவின் ஆட்சி 1821-லிருந்து 25 ஆண்டுதான் நடந்தது. 1846-ல் அமெரிக்கப் படை சாண்டா ஃபேக்குள் ஒரு குண்டுகூடச் சுடாமல் நுழைந்தது. 1848 ஒப்பந்தத்தில் இந்தப் பகுதி அமெரிக்காவுக்கு எழுதப்பட்டது. இங்கே வாழ்ந்த ஸ்பானிய மொழிக்காரர்கள் இடம்பெயரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. நிலங்கள் அவர்களுக்கே என்று ஒப்பந்தம் சொன்னது. பத்திரம் ஆங்கில நீதிமன்றத்தில் செல்ல வேண்டுமே! ஊர்ப் பொதுவாக அனுபவித்து வந்த மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் வக்கீல்களின் கைக்கும் அரசின் கைக்கும் போயின. அந்தக் கோபத்தில் 1967-ல்கூட ஒரு கூட்டம் டியெரா அமரியா நீதிமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தது.

1850-ல் நியூ மெக்சிகோ ஆட்சிப் பகுதியானது. மாநிலமாகக் காத்திருந்தது 62 ஆண்டுகள். காரணத்தை யாரும் அப்போது ஒளிக்கவில்லை: பெரும்பாலானவர்கள் ஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்கர்கள், பழங்குடிகள், இவர்கள் உண்மையான அமெரிக்கர்களா என்று வாஷிங்டனுக்குச் சந்தேகம். அரிசோனாவோடு சேர்த்து ஒரே மாநிலமாக்கிவிடலாம் என்று 1906-ல் ஒரு யோசனை வந்தபோது, அரிசோனா வாக்காளர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் 1912 ஜனவரி 6 அன்று 47-வது மாநிலம். அதன் அரசியல் சட்டத்தில், ஆங்கிலமோ ஸ்பானியமோ பேச எழுதத் தெரியவில்லை என்பதற்காக யாருக்கும் வாக்குரிமை மறுக்கக் கூடாது என்று எழுதி, எளிதில் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டார்கள். அதே சட்டம் பழங்குடிகளை வெளியே நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றித் திரும்பிய மிகேல் த்ருஹியோ என்ற ஆசிரியர் வழக்குப் போட்டு, 1948-ல்தான் அந்தக் கதவு திறந்தது.

மாநிலமாகக் காத்திருந்த அந்தக் காலத்தில்தான் பில்லி தி கிட் என்ற பேர்போன துப்பாக்கிக்காரர் வருகிறார். லிங்கன் கவுன்டியில் கடை வியாபாரமும் ராணுவ ஒப்பந்தமும் யாருக்கு என்று இரண்டு கோஷ்டிகள் 1878-ல் சுட்டுக்கொண்டார்கள். அவர் அதில் ஒரு பக்கத்துத் துப்பாக்கி. 1881-ல் இருபத்தொரு வயதுப் பையனாகச் செத்தார். அவருக்கு மன்னிப்புக் கொடுப்பதா என்று 2010-ல் ஓர் ஆளுநர் உட்கார்ந்து பரிசீலித்து, வேண்டாம் என்று அறிவித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மன்னிப்புக்காகப் பில்லியோடு பேரம் பேசிய அந்தக் காலத்து ஆளுநர் லூ வாலஸ், இரவுகளில் மாளிகையின் அறையில் உட்கார்ந்து ஒரு நாவலை எழுதி முடித்தார். மற்ற இடங்களின் அனுபவத்தை வைத்துப் போடும் கணக்கு நியூ மெக்சிகோவில் பலிக்காது என்று அவர் அலுத்துக்கொண்டதை இன்றும் அங்கே பெருமையாக எடுத்துச் சொல்கிறார்கள்.

செத்தவன் நடந்த பாதை

மெக்சிகோ நகரத்திலிருந்து சாண்டா ஃபே வரை வந்த ராஜபாட்டை ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். 17-ம் நூற்றாண்டில் சரக்கு வண்டிகள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை வரும் என்று கணக்கு. வந்து சேர ஆறு மாதம். அந்தப் பாதையில் ஓரிடத்தில் ஆறு வளைந்து கரடுமுரடான பள்ளத்தில் போவதால், வண்டிகள் ஆற்றை விட்டுவிட்டுக் குறுக்கே போகும். சுமார் 145 கிலோமீட்டருக்குத் தண்ணீர் இல்லை. பெயர் ஹோர்னாடா டெல் முவெர்த்தோ: செத்தவனின் பயணம். செத்தவர் பெர்னார்டோ க்ரூபர் என்ற ஜெர்மன் வியாபாரி. மந்திரக் காகிதம் கொடுத்தார் என்று மத விசாரணைக் குழு பிடித்து வைக்க, 1670-ல் தப்பி இந்த வெளியில் ஓடி இறந்துபோனார்.

இப்படி ஓர் இடம் எதற்கு ஆகும்? 1940களில் அமெரிக்க ராணுவத்துக்கு ஆனது.

ராபர்ட் ஓப்பன்ஹைமர் இளைஞராக இருந்தபோது உடம்பு தேற நியூ மெக்சிகோவுக்கு வந்து, குதிரை ஏறி, அந்த மலைகளில் மனதைப் பறிகொடுத்தவர். அணுகுண்டு செய்ய ஒதுக்குப்புறமான இடம் தேவைப்பட்டபோது லாஸ் அலமோஸ் மேட்டைக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். அங்கே இருந்த ஆண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஊருக்குப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் ஒரே முகவரி, சாண்டா ஃபே, தபால் பெட்டி 1663. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழிலும் அதுதான். இவர்களெல்லாம் தபால் பெட்டியில் பிறந்தவர்கள்.

1945 ஜூலை 16, அதிகாலை 5.29. உலகின் முதல் அணுகுண்டு ஹோர்னாடா டெல் முவெர்த்தோ வெளியில் வெடித்தது. அப்போது ஓப்பன்ஹைமருக்கு நினைவு வந்த கீதை வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுவோம். ஆளில்லாத இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள், ஆள் இருந்தார்கள். மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த பண்ணைக் குடும்பங்கள் மீதும் சிற்றூர்கள் மீதும் சாம்பல் இறங்கியது. அவர்களிடம் ஒரு வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது என்று ராணுவம் சொன்னது. கதிர்வீச்சு பாதித்தவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டம் 1990-ல் வந்தபோது நெவாடா சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். முதல் குண்டின் காற்று வீசிய நியூ மெக்சிகோக்காரர்கள் பட்டியலில் இல்லை. அவர்களைச் சேர்த்தது 2025-ல், வெடித்து 80 ஆண்டு ஆன மாதத்தில்.

இதைத் தெரிந்துகொண்டால் ராஸ்வெல் கதை வேறு மாதிரித் தெரியும். 1947-ல் ஒரு பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் நிலத்தில் பளபளத் தாளும் குச்சியும் ரப்பரும் சிதறிக் கிடப்பதைப் பார்த்தார். ஜூலை 8 அன்று ராஸ்வெல் விமானப்படைத் தளமே பறக்கும் தட்டு ஒன்று கிடைத்திருப்பதாகச் செய்தி வெளியிட்டது. உடனே அதை மாற்றி, வானிலை பலூன் என்றது. உண்மையில் அது சோவியத்தின் அணுவெடிப்புச் சத்தத்தை மேல்வானில் ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன் வரிசை என்று 1994-ல் விமானப்படை அறிக்கை கொடுத்தது. நடுவில் 47 ஆண்டு. வெடிமருந்துக் கிடங்கு என்று இரண்டே வருடத்துக்கு முன் புளுகிய ராணுவம், இப்போது பலூன் என்றால் யார் நம்புவார்கள்? வேற்றுக்கிரகவாசி கதையை நான் நம்பவில்லை. ஆனால் அதை நம்பியவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

ராஸ்வெல் ஊரே சிரித்துக்கொண்டு காசாக்கிவிட்டது என்பது வேறு விஷயம். தெருவிளக்குக்கு வேற்றுக்கிரகவாசியின் கண் வரைந்திருக்கிறார்கள், பறக்கும் தட்டு வடிவத்தில் ஒரு மெக்டொனால்ட்ஸ் இருக்கிறது, அருங்காட்சியகம் உண்டு, ஜூலையில் திருவிழா உண்டு. கோவில் இல்லாத ஊருக்கும் தேர் வேண்டுமே.

இதே ஹோர்னாடா வெளியில்தான் மாநில அரசு தன் காசைப் போட்டு விண்வெளி விமான நிலையம் கட்டியது. 2021-ல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் அங்கிருந்து மேலே போய் வந்தார். மாட்டுவண்டி தண்ணீர் இல்லாமல் தவித்த இடம், குண்டு வெடித்த இடம், ராக்கெட் கிளம்பும் இடம் எல்லாம் ஒன்றே. மூன்றுக்கும் அங்கே யாரும் இல்லை என்பதுதான் தகுதி.

விண்வெளி நிலையத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர் ட்ரூத் ஆர் கான்சீக்வென்சஸ், 'உண்மை அல்லது விளைவு'. முன்பு ஹாட் ஸ்பிரிங்ஸ், வெந்நீர் ஊற்று என்று இருந்தது. அந்தப் பெயரில் அமெரிக்காவில் நிறைய ஊர்கள். 1950-ல் ஒரு வானொலி வினாடிவினா நிகழ்ச்சி, தன் பெயரை வைத்துக்கொள்ளும் ஊரில் வந்து பத்தாம் ஆண்டு நிகழ்ச்சியை நடத்துவோம் என்றது. இவர்கள் ஓட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். நிகழ்ச்சி எப்போதோ முடிந்துவிட்டது, பெயர் நிற்கிறது. சுருக்கமாக 'டி ஆர் சி' என்பார்கள். அத்தனை நீளத்தையும் தினமும் யார் சொல்வது?

மண், தண்ணீர், காற்று

அடோபி என்ற பச்சைச் செங்கல் இங்கே வீட்டின் உயிர். களிமண், மணல், வைக்கோல், வெயில், சூளை வேண்டாம். சொல் எகிப்தில் பிறந்து அரபி வழியாக ஸ்பெயினுக்கு வந்து இங்கே சேர்ந்தது. சாண்டா ஃபே 1957-ல் ஒரு விதி போட்டது: பழைய நகரப் பகுதியில் எது கட்டினாலும் பழைய பாணியில் இருக்க வேண்டும். அதனால் கார் நிறுத்தும் கட்டடம்கூட மண் வீடு மாதிரி இருக்கும். தட்டிப் பார்த்தால் சிமெண்டு. டாவுஸ் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயத்துக்கு 1960களில் நிஜமாகவே சிமெண்டுப் பூச்சு பூசினார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே சுவர் கரைய ஆரம்பித்தது. பூச்சை உடைத்துப்போட்டு மறுபடி மண்ணுக்கே வந்தார்கள். இப்போது வருடா வருடம் ஊர் கூடி மண் பூசுகிறது.

ஊர் கூடுவது என்றால் அசெக்கியா பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் மண் வாய்க்கால். மாநிலத்தில் சுமார் 700 இருக்கின்றன. இந்தச் சொல்லும் அரபி. பாசனம் பெறுகிறவர்கள் எல்லோரும் பங்குதாரர்கள். அவர்கள் மயோர்தோமோ என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், நம் மொழியில் நீர்க்கட்டி. யார் மடையை எப்போது திறக்கலாம் என்பது அவர் வாக்கு. வசந்தத்தில் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும், வராவிட்டால் கூலிக்கு ஆள் அனுப்ப வேண்டும். அப்பட்டமான குடிமராமத்து. அமெரிக்க மேற்கில் பொதுவான தண்ணீர்ச் சட்டம், முதலில் வந்தவனுக்கு முழுப் பங்கு, மிஞ்சினால் அடுத்தவனுக்கு என்பது. அசெக்கியா வழக்கமோ, குறைந்தால் எல்லோருக்கும் குறையட்டும் என்பது. இரண்டு சட்டமும் ஒரே ஆற்றின்மேல் உட்கார்ந்திருப்பதால் வழக்குகளுக்குக் குறைவில்லை.

காற்று ஆல்புகர்க்கி நகரத்துக்குச் சொந்தம். அக்டோபர் காலைகளில் கீழ்மட்டக் காற்று தெற்கே நகரும், கொஞ்சம் மேலே போனால் அது வடக்கே வீசும். வெப்பக்காற்று பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. உயரத்தை மட்டும்தான் மாற்ற முடியும். இங்கே அது போதும். கீழே தெற்காகப் போய், மேலேறி வடக்காகத் திரும்பி, கிளம்பிய மைதானத்திலேயே இறங்கிவிடலாம். இதற்கு ஆல்புகர்க்கி பெட்டி என்று பெயர். 1972-ல் 13 பலூனோடு ஆரம்பித்த திருவிழாவில் இப்போது 500-க்கும் மேல் பறக்கின்றன. போகிற போக்கில் ஒன்று: மைக்ரோசாஃப்ட் 1975-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆல்டேர் என்ற ஆரம்பகாலக் கணினியைச் செய்த நிறுவனம் இங்கே இருந்தது, பில் கேட்ஸும் பால் ஆலனும் அதைத் தேடி வந்தார்கள். நான்கு வருடத்தில் வாஷிங்டன் மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கிளம்பாதவர்களின் குறும்புக்கும் குறைவில்லை. 1924 முதல் சாண்டா ஃபேயில் வருடத்துக்கு ஒரு முறை சோசோப்ரா என்ற பிரம்மாண்டமான பொம்மையை, இப்போது ஏறக்குறைய 50 அடி, கொளுத்துகிறார்கள். அந்த வருடத்துக் கவலைகளையும் விவாகரத்துப் பத்திரங்களையும் காகிதமாக அதன் வயிற்றில் திணித்துவிடலாம். புளூட்டோ இனி கோள் அல்ல என்று விஞ்ஞானிகள் 2006-ல் முடிவு செய்தபோது, அடுத்த வருடமே சட்டமன்றம் தீர்மானம் போட்டது: நியூ மெக்சிகோ வானத்தில் வரும்போது அது கோள்தான். புளூட்டோவைக் கண்டுபிடித்த க்ளைட் டாம்பா இந்த மாநிலத்து லாஸ் க்ரூசஸ் ஊரில் பேராசிரியராக இருந்தவர். சொந்த ஊர்க்காரரை விட்டுக்கொடுப்பார்களா?

சிவப்பா, பச்சையா?

மிளகாய் இந்தியாவுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. ஸ்பானியர்கள் அதே செடியை வடக்கே கொண்டுபோனார்கள். நாம் அதைக் காரத்துக்குச் சேர்க்கிறோம். அவர்கள் அதையே காய்கறியாகச் சாப்பிடுகிறார்கள். 1921-ல் லாஸ் க்ரூசஸ் வேளாண் கல்லூரியின் ஃபபியான் கார்சியா, நீளமாக, சதைப்பற்றாக, காரம் மட்டாக ஒரு ரகத்தைத் தேர்ந்து வெளியிட்டார். இன்று ஹாட்ச் பள்ளத்தாக்கில் விளையும் மிளகாய்களுக்கு அதுதான் பாட்டி.

ஆகஸ்ட் கடைசியில் அங்காடிகளின் வாசலில் கம்பிவலை உருளைகள் முளைக்கும். ஒரு மூட்டை பச்சை மிளகாயை உள்ளே கொட்டி, கீழே கேஸ் தீயைச் சீறவிட்டு, உருளையைச் சுற்றுவார்கள். தோல் கருகி உரியும். வீட்டுக்குக் கொண்டுபோய் உரித்து, பையில் போட்டு, வருடம் முழுக்க வரும்படி உறைபெட்டியில் அடுக்குவார்கள். அந்தப் புகை வாசனைதான் 2023 முதல் மாநிலத்தின் சட்டபூர்வமான வாசனை. யோசனை லாஸ் க்ரூசஸில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. அதற்கு முன்னால் எந்த மாநிலத்துக்கும் அதிகாரபூர்வ வாசனை என்று ஒன்று இருந்ததில்லை.

சட்டபூர்வமான கேள்வியும் உண்டு. 1996-ல் சட்டமன்றம் ஏற்றது: சிவப்பா, பச்சையா? எந்த உணவகத்தில் உட்கார்ந்தாலும் பரிமாறுபவர் இதைத்தான் முதலில் கேட்பார். பச்சை என்றால் சுட்டு உரித்து நறுக்கிய காயின் குழம்பு. சிவப்பு என்றால் பழுத்துக் காய்ந்த வற்றலை ஊறவைத்து அரைத்தது. செடி ஒன்றுதான். முடிவு செய்ய முடியாவிட்டால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்லுங்கள், தட்டில் பாதி சிவப்பு, பாதி பச்சை வந்துவிடும். எது காரம் அதிகம் என்று மட்டும் பொதுவாக யாரும் சொல்ல முடியாது. அந்த வாரம் வந்த மூட்டையைப் பொறுத்தது, பரிமாறுபவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.